சொன்ன வேலையைச் செய்த மருந்து

டைக்ளோபினாக்கே, உன்னைப் புகழ்வதற்கு எனக்கு ஒரு பொய்யும் தேவைப்படவில்லை. வலி என்று யார் சொன்னாலும் நீ போய் நின்றிருக்கிறாய். மூட்டுத் தேய்ந்த பாட்டிக்கு, பல் பிடுங்கிய பையனுக்கு, அறுவை முடிந்து கண் விழித்த தாய்க்கு, மூட்டை தூக்கி முதுகு பிடித்துக்கொண்ட தொழிலாளிக்கு என்று ஆள் பார்க்காமல் வேலை செய்திருக்கிறாய். 1970களில் சுவிட்சர்லாந்தின் சிபா-கைகி நிறுவனத்திலிருந்து புறப்பட்டு உலகம் முழுக்க வீட்டு மருந்துப் பெட்டிகளில் இடம்பிடித்தாய். இன்றும் மருத்துவர் எழுதிக் கொடுத்தால் உன்னை வாங்கி விழுங்குவேன்.

மாட்டுக் கொட்டிலுக்கு நீ வந்தது 1990களின் தொடக்கத்தில். அந்த வருகையும் போற்றத்தக்கதுதான். மாடு தன் வலியை வாய்விட்டுச் சொல்லாது. தீவனத்தைத் தொடாது, அசைபோடாது, கண்ணில் நீர் வடிய ஓரமாக நிற்கும். மடி வீங்கிக் கல்லாக இறுகிய கறவையையும், குளம்பில் அடிபட்டு நொண்டும் உழவு மாட்டையும் வைத்திருப்பவனுக்கு அந்த மாடுதான் சோறு. ஒரு ஊசி போட்டால் மறுநாள் காலை அது எழுந்து வைக்கோலை இழுக்கும். காப்புரிமை முடிந்து பல நிறுவனங்களும் உன்னைத் தயாரிக்கத் தொடங்கியதும் விலை சரிந்தது. மருத்துவமனையைப் பார்த்தே இராத ஊரிலும் நீ கிடைத்தாய். ஏழையின் மாட்டுக்கும் வலி தீர வேண்டும் என்று நினைத்தவர்கள் உன்னைத்தான் எடுத்துச் சென்றார்கள். அவர்கள் நினைத்ததில் ஒரு குற்றமும் இல்லை.

உன்னிடம் கேட்கப்பட்ட கேள்விகளுக்கெல்லாம் நேர்மையாகப் பதில் சொன்னாய். மாட்டுக்கு வலி குறையுமா? குறையும். காய்ச்சல் இறங்குமா? இறங்கும். மாடு தாங்குமா? தாங்கும். அந்த மாடு செத்தால் அதை யார் தின்பார்கள், தின்பவர்களுக்கு என்ன ஆகும் என்று உன்னிடம் எவரும் கேட்கவில்லை. கேட்காத கேள்விக்கு எந்த மருந்தும் பதில் சொல்வதில்லை.

இந்தக் கேள்வி இந்தியாவில் எழாமல் போனதுதான் வியப்பு. கோடிக்கணக்கில் மாடு வளர்த்து, கிழடானதை அறுக்கப் பெரும்பாலும் மனம் ஒப்பாத நாடு இது. செத்த மாட்டை ஊர்க்கோடிக்கு இழுத்துக் கொண்டுபோய்ப் போடுவார்கள். தோலை உரிப்பவர் வந்து தோலை எடுப்பார். பிறகு வானத்திலிருந்து பாறுகள் இறங்கும். பிணந்தின்னிக் கழுகு என்று நாம் முகம் சுளித்துச் சொல்கிற அந்தப் பறவைகள்தான் இந்தியாவில் ஒரு காலத்தில் நான்கு கோடி அளவுக்கு இருந்தன என்று மதிப்பிடுகிறார்கள். ஒரு பெரும் கூட்டம் ஒரு மாட்டை ஒரு மணி நேரத்துக்குள் வெறும் எலும்பாக்கிவிடும். அடைப்பான் நோய்க் கிருமியையும் கரைக்கும் அமிலம் அவற்றின் வயிற்றில் இருக்கிறது. காய்ந்த எலும்பைப் பொறுக்கி ஆலைக்கு விற்றுப் பிழைத்தவர்களும் உண்டு. மாட்டுக்காரர், தோல் உரிப்பவர், பாறு, எலும்பு பொறுக்குபவர் என்று ஒருவர் விட்ட இடத்தில் மற்றவர் தொட்டுக்கொண்டார்கள். கூலி கேட்காமல், குழி வெட்டாமல், விறகு எரிக்காமல் நாட்டின் செத்த மாடெல்லாம் அப்படித்தான் ஒழிந்தது. எந்த அரசுத் துறையின் ஏட்டிலும் இந்த ஏற்பாட்டுக்குப் பெயர் இல்லை.

அந்த ஏற்பாட்டுக்குள்தான் நீ நுழைந்தாய். எவ்வளவு குறைந்த அளவில் எவ்வளவு பெரிய வேலையைச் செய்து முடித்தாய் என்பதை நினைத்தால் மலைப்பாக இருக்கிறது. மாட்டின் உடலில் நீ நெடுநாள் தங்குவதில்லை. சில நாட்களில் வெளியேறிவிடுகிறாய். அந்தச் சில நாட்களுக்குள் மாடு செத்தால், ஈரலிலும் சிறுநீரகத்திலும் மிச்சமிருக்கிற சிறிதளவே போதும். ஒரு வெண்முதுகுப் பாறு சுமார் ஐந்து கிலோ எடை இருக்கும். அதைக் கொல்ல அதன் எடையில் கிலோவுக்கு ஒரு மில்லிகிராம்கூட வேண்டாம். அதில் ஒரு சிறு பங்கு போதும். சிறுநீரகம் நின்றுபோகும். வெளியேற வேண்டிய யூரிக் அமிலம் ரத்தத்தில் தேங்கி, ஈரல்மீதும் இதயத்தின்மீதும் சுண்ணாம்பு பூசியதுபோல் வெள்ளையாகப் படியும். அதே பிணத்தைத் தின்ற நாய்கள் வாலை ஆட்டிக்கொண்டு திரிந்தன.

இன்னொரு கணக்கும் உன் பேரில் இருக்கிறது. பாறுகளின் வீழ்ச்சிக்கு, மாட்டுப் பிணங்களில் எத்தனை பங்கில் நீ இருந்திருக்க வேண்டும் என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். நூற்றில் ஒன்றுகூட வேண்டியதில்லை என்று விடை வந்தது. காரணம் பறவையின் வாழ்முறையில் இருக்கிறது. பாறுகள் தனித்தனியே இரை தேடுவதில்லை. ஒன்றை ஒன்று கண்ணில் வைத்துக்கொண்டு உயரத்தில் வட்டமடிக்கும். ஒன்று இறங்கினால் பக்கத்தில் இருப்பது அதைப் பார்த்துத் திரும்பும். அதைப் பார்த்து அடுத்தது. பல மைல் சுற்றளவில் பறந்த கூட்டம் கொஞ்ச நேரத்தில் ஒரே மாட்டின்மேல் கூடிவிடும். எந்த மூலையில் எந்த உயிர் செத்தாலும் பசியாற இந்த ஒற்றுமை அவற்றுக்கு வழி செய்து தந்தது. இதே ஒற்றுமை உனக்கும் வழி செய்து தந்தது. ஊசி போட்ட ஒரு மாடு, கூடிய அத்தனை பேருக்கும் பந்தி. இன்று தப்பியவை சில நாள் கழித்து வேறொரு பந்தியில் அமரும். ஆண்டுக்கு நூறு தடவைக்கு மேல் பந்தியில் அமர்கிற பறவை எத்தனை முறை தப்பும்? உண்மையில் நூற்றில் ஒன்றல்ல, 2004ஐ ஒட்டிய ஆண்டுகளில் இந்தியாவில் எடுத்த மாட்டுப் பிண மாதிரிகளில் ஏறத்தாழப் பத்தில் ஒன்றில் நீ இருந்தாய்.

ஒரு சோடிப் பாறு ஆண்டுக்கு ஒரே ஒரு முட்டை இடும். குஞ்சு வளர்ந்து தானும் முட்டையிட ஐந்து ஆண்டுகள் ஆகும். இழப்பை ஈடுகட்ட அந்தப் பறவைக்கு வேறு வழி கிடையாது. நீயோ நாள்தோறும் உற்பத்தியானாய்.

ராஜஸ்தானின் பரத்பூரில் கேவலாதேவ் பூங்காவில் 1980களின் பிற்பகுதியில் வெண்முதுகுப் பாறுகளின் கூடுகள் முந்நூற்றுக்கு மேல் இருந்தன. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் விபு பிரகாஷ் அதே மரங்களுக்குப் பத்தாண்டு கழித்துப் போனபோது இருபது அளவில்தான் மிஞ்சியிருந்தன. கிளைகளில் பறவைகள் கழுத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தன. கிருமியா, பூச்சிக்கொல்லியா, பட்டினியா என்று தேடினார்கள். பாகிஸ்தானில் செத்த பறவைகளை அறுத்துப் பார்த்து, லிண்ட்சே ஓக்ஸ் என்ற கால்நடை மருத்துவ அறிவியலாளரும் அவருடைய கூட்டாளிகளும் உன் பெயரை 2004இல் உலகுக்குச் சொன்னார்கள். அதற்குள் காரியம் முடிந்திருந்தது. 1992க்கும் 2007க்கும் இடையில் இந்தியாவில் வெண்முதுகுப் பாறுகள் ஆயிரத்துக்கு ஒன்று என்ற அளவுக்குச் சுருங்கின. நீள் அலகுப் பாறும் மெல்லிய அலகுப் பாறும் நூற்றுக்கு மூன்று என்று நின்றன. வில் இல்லை, வலை இல்லை, துப்பாக்கி இல்லை. எந்த வேட்டைக்காரனும் செய்யாத வேலையை வலி தீர்க்கும் நல்ல எண்ணத்தோடு செய்து முடித்தாய்.

நம்முடைய அரசையும் இங்கே புகழ வேண்டும். 2004இல் காரணம் தெரிந்தது, 2006இல் கால்நடைக்கு உன்னைத் தயாரிப்பதைத் தடை செய்தார்கள். ஒரு பறவைக்காகச் சந்தையிலுள்ள மருந்தை இரண்டே ஆண்டில் நிறுத்திய அரசுகள் உலகில் அதிகம் இல்லை. பாகிஸ்தானும் நேபாளமும் அதே ஆண்டில் தடை செய்தன. உண்மையிலேயே பெருமைப்பட வேண்டிய செயல் அது.

தடை உன் பெயருக்குத்தான் வந்தது. மனிதருக்கென்று முப்பது மில்லிலிட்டர் குப்பியில் நீ கடையில் இருந்தாய். எந்த மனிதனுக்கும் ஒரே வேளையில் அவ்வளவு தேவையில்லை. ஒரு மாட்டுக்குச் சரியான அளவு அது. மனித மருந்து என்ற சீட்டோடு கொட்டிலுக்குப் போய்க்கொண்டிருந்தாய். 2015இல் மனிதருக்கான குப்பி மூன்று மில்லிலிட்டருக்கு மேல் போகக்கூடாது என்று விதி வந்தது. மாட்டுக்குப் போட வேண்டுமானால் பத்துக் குப்பி உடைக்க வேண்டும், அந்தச் சிரமமாவது தடுக்கட்டும் என்பது எண்ணம். நல்ல எண்ணம்தான். தடையிலிருந்து அதை எட்ட ஒன்பது ஆண்டுகள் பிடித்தன.

உன் உறவினர்களான மற்ற வலி மருந்துகளையும் நாம் மரியாதையாகவே நடத்தினோம். அசிக்ளோபினாக் மாட்டின் உடலுக்குள் போனதும் நீயாகவே மாறிவிடுகிறது. வாசலில் உன்னைத் தடுத்துவிட்டு, உள்ளே போய் நீயாக மாறுகிறவனுக்குக் கதவைத் திறந்து வைத்தோம். கீட்டோப்ரோபென் பாறுகளைக் கொல்லும் என்பது 2010ஐ ஒட்டியே தெரியும். இரண்டுக்கும் நாடு தழுவிய தடை வந்தது 2023இல். நிமிசுலைடு அதற்கும் பிறகு. ஒவ்வொன்றும் வந்து, விற்பனையாகி, கொன்று, குற்றம் ஐயமின்றி நிரூபிக்கப்படும்வரை பொறுமையாகக் காத்திருந்தோம். மருந்தை நிரபராதி என்று கருதித் தொடங்கும் நீதி நம்முடையது. நிரூபிக்கும் செலவு முழுவதையும் பறவை ஏற்றுக்கொண்டது. ஐரோப்பாவின் பாறுகளில் மிகப் பெரும்பான்மை வாழும் ஸ்பெயின், இத்தனை தெரிந்த பிறகு 2013இல் உன்னைக் கால்நடைக்கு அனுமதித்தது. அங்கே உன்னால் ஒரு கரும்பாறு செத்ததை 2021இல் உறுதி செய்தார்கள்.

பாறுகள் போனதால் பந்தி வெறுமையாகிவிடவில்லை. நாய்கள் வந்தன. அவற்றையும் குறை சொல்ல ஒன்றுமில்லை, கிடைத்ததைத் தின்றன, பெருகின. ஆனால் நாய் ஒரு மாட்டைத் தின்று முடிக்க நாள் கணக்காகும். மிச்சம் அழுகும், மழையில் கிணற்றுக்கும் குட்டைக்கும் வழியும். கிருமியை வயிற்றிலேயே அழித்த பறவை இருந்த இடத்துக்கு, கிருமியைப் பல்லில் சுமக்கும் விலங்கு வந்தது. வெறிநாய்க்கடி எப்படிக் கொல்லும் என்று நம் ஊர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. தண்ணீரைக் கண்டு தொண்டை இறுகும் அந்தச் சாவை ஒரு தடவை பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள்.

பொருளியலாளர்கள் இயல் ஃபிராங்கும் அனந்த் சுதர்சனும் 2024இல் வெளியிட்ட ஆய்வில் இதற்குக் கணக்குப் போட்டார்கள். முன்பு பாறுகள் நிறைந்திருந்த மாவட்டங்களையும் என்றுமே அதிகம் இல்லாத மாவட்டங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்கள். நீ வருமுன் இரண்டிலும் சாவு விகிதம் ஒன்றுபோலவே நகர்ந்தது. நீ வந்து பாறுகள் போனபின் முதல் வகை மாவட்டங்களில் நான்கு விழுக்காட்டுக்கு மேல் கூடியது. 2000 முதல் 2005 வரை கூடுதலாக ஏறத்தாழ ஐந்து லட்சம் மனிதர்கள் செத்தார்கள் என்பது அவர்கள் கண்ட எண். அவர்களில் ஒருவர் சாவுச் சான்றிதழிலும் உன் பெயர் இருக்காது, பாறுவின் பெயரும் இருக்காது. வயிற்றுப்போக்கு என்றிருக்கும், காய்ச்சல் என்றிருக்கும், நாய்க்கடி என்றிருக்கும்.

மும்பையில் பார்சிகள் தங்கள் இறந்தோரைப் பாறுகளுக்குக் கொடுத்துவந்தார்கள். மண்ணையும் நீரையும் தீயையும் மாசுபடுத்தாத கடைசி ஈகை என்று அவர்கள் நம்பிய சடங்கு அது. பறவை வராததால், இறந்தோரை வைக்கும் அமைதிக் கோபுரங்களில் சூரிய ஒளியைக் குவிக்கும் கருவிகளை வைக்க வேண்டியதாயிற்று. நம் திருக்கழுக்குன்றத்தில் வேதகிரீசுவரர் மலைமேல் நண்பகலில் இரண்டு மஞ்சள்முகப் பாறுகள் வந்து அர்ச்சகர் கையால் சர்க்கரைப் பொங்கல் உண்டுபோகும் காட்சியை நேரில் பார்த்த தலைமுறை இன்னும் இருக்கிறது. 1990களின் இறுதியோடு அந்த வருகை நின்றது. அந்த ஆண்டுகளில்தான் இந்தியா முழுக்க மஞ்சள்முகப் பாறும் சரிந்துகொண்டிருந்தது. ஊரின் பெயரிலேயே கழுகு இருக்கிறது, ஜடாயு வழிபட்டதாகச் சொல்லும் கோயில் புள்ளிருக்குவேளூரில் இருக்கிறது. பக்தியில் நாம் ஒரு குறையும் வைக்கவில்லை.

சட்டத்திலும் குறை வைக்கவில்லை. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் பாறுகள் இன்று முதல் அட்டவணையில், புலிக்கும் யானைக்கும் பக்கத்தில் இருக்கின்றன. அவற்றைச் சுட்டால் சிறை. யாரும் சுடவில்லை. பறவைக்கு அட்டவணையில் மிக உயர்ந்த இடத்தைக் கொடுத்த நாம், அது உட்காரும் பந்திக்கு எந்த ஏட்டிலும் இடம் கொடுக்கவில்லை. மாடு கால்நடைத் துறைக்கு, மருந்து மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைக்கு, பறவை வனத் துறைக்கு, நாய் நகராட்சிக்கு, நாய்க்கடி சுகாதாரத் துறைக்கு. ஒவ்வொரு துறையும் தன் பங்கைச் செய்தது. கால்நடைத் துறை மாட்டைக் காத்தது. சுகாதாரத் துறை தடுப்பூசி வாங்கியது. மாட்டுக்கும் பறவைக்கும் நடுவில் இருந்த அந்த ஒரு மணி நேரப் பந்தி எவருடைய பொறுப்பிலும் இல்லை. அறுந்தது அந்த இடத்தில்தான்.

உயிர்களைத் தலை எண்ணிக் காப்பதில் நாம் தேர்ந்தவர்கள். நான்கு ஆண்டுக்கு ஒருமுறை புலி எண்ணுகிறோம், அவ்வப்போது யானையும் எண்ணுகிறோம். எண்ணுவது நல்லது, எண்ணாமல் விட்டிருந்தால் பாறு போனதே தெரிந்திருக்காது. ஆனால் ஓர் உயிருக்கும் இன்னோர் உயிருக்கும் இடையே நடப்பதை எப்படி எண்ணுவது? யார் யாரைத் தின்கிறார்கள், யாருடைய விதையை யார் சுமக்கிறார்கள், யார் விட்டுப்போனதில் யார் பிழைக்கிறார்கள் என்ற கொடுக்கல் வாங்கல்களுக்கு உடல்வரி கிடையாது, கால்தடம் கிடையாது, தானியங்கிக் கேமராவில் விழாது. உயிரினம் அழிவதற்கு வெகு காலம் முன்பே இந்த உறவு அழிந்துவிடும். பத்துப் பாறுகள் உயிரோடு இருந்தாலும் பிணத்தைத் தின்று ஊரைக் காக்கும் வேலை அங்கே செத்துப்போயிருக்கும். நம் கணக்கேட்டில் ‘இனம் இருக்கிறது’ என்ற நிம்மதியான வரி மட்டும் இருக்கும்.

அரியானாவின் பிஞ்சோரில் கூண்டுகளில் பாறுகளை வளர்த்துப் பெருக்குகிறார்கள். இருபது ஆண்டுகளுக்கு மேலாகப் பொறுமையாக, ஒரு முட்டைக்கு ஓர் ஆண்டு என்று செய்துவரும் அந்த உழைப்பின்முன் நான் தலை வணங்குகிறேன். அவர்கள் இல்லாவிட்டால் சில இனங்கள் முற்றிலும் போயிருக்கக்கூடும். அங்கே அவர்கள் கொடுக்கும் இறைச்சி மருந்து ஏறாதது என்று பார்த்துக்கொள்கிறார்கள். கூண்டுக்கு வெளியே கிடக்கும் இறைச்சிக்கு அந்த உத்தரவாதத்தை யார் தருவது? பறவையைப் பெருக்கிவிடலாம். அதைத் திறந்துவிட வேண்டிய ஊரில் மருந்துக்கடை எப்படி இருக்கிறது என்பதுதான் கேள்வி.

தமிழ்நாட்டில் உனக்குத் தப்பியவை நீலகிரியின் வடக்குச் சரிவுக்குக் கீழே, சீகூர் பீடபூமியில், மாயாறு ஓடும் பள்ளத்தில் இருக்கின்றன. தென்னிந்தியாவில் வெண்முதுகுப் பாறுகள் கூட்டமாகக் கூடுகட்டும் முதன்மையான இடம் இன்று அதுதான். நீள் அலகுப் பாறும் செந்தலைப் பாறும் மஞ்சள்முகப் பாறும்கூட அங்கே உண்டு. எல்லாம் சேர்த்தாலும் எண்ணிக்கை கொஞ்சம்தான். அவை ஏன் அங்கே தப்பின என்று பார்த்தால் நம் அறிவுக்கு ஒரு பாடம் இருக்கிறது. அங்கே புலி இருக்கிறது, சிறுத்தை இருக்கிறது, செந்நாய் இருக்கிறது. அவை கொன்ற கடமானும் புள்ளிமானும் காட்டுமாடும் மிச்சமாகக் கிடக்கும். காட்டு மாட்டுக்கு எவரும் ஊசி போடுவதில்லை. மருந்து ஏறாத இறைச்சி கிடைத்த இடத்தில் பறவை மிஞ்சியது. கூடு கட்ட மாயாற்றங்கரையில் உயர்ந்த நீர்மருது மரங்கள் இருக்கின்றன. அந்த மரங்கள் நிற்க ஆற்றில் தண்ணீர் வேண்டும். அங்கே பாறு பிழைத்திருப்பது புலியாலும் மானாலும் மரத்தாலும் ஆற்றாலும்தான். அட்டவணையில் எழுதிய எழுத்தால் இல்லை.

அந்தப் பள்ளத்திலும் நம் திறமை எட்டிப் பார்க்கிறது. காட்டையொட்டி மேயும் மாட்டைப் புலி அடித்துவிட்டால், இழப்பீடு வந்துசேரும் வேகம் மாட்டுக்காரருக்குத் தெரியும். ஆத்திரத்தில் சிலர் அந்த மாட்டின்மேல் பூச்சிக்கொல்லியைத் தெளித்து வைக்கிறார்கள். 2023 செப்டம்பரில் நீலகிரியில் இரண்டு புலிகள் விஷம் வைத்த மாட்டைத் தின்று செத்தன. நச்சு வைத்த பிணத்தில் புலி மட்டும் வாய் வைக்கும் என்று எவராலும் எழுதி வைக்க முடியாது. அதன்மேல் பாறு இறங்கினால் தனியாக இறங்காது. ஒரு மாட்டுக்கான இழப்பீட்டைப் பத்து நாளில் வீடு தேடிக் கொடுப்பதும் பாறு பாதுகாப்புத்தான். காட்டில் தானாகச் செத்த காட்டுமாட்டைப் புதைக்காமல், எரிக்காமல் அங்கேயே விட்டுவைப்பதும் பாறு பாதுகாப்புத்தான். இதற்கெல்லாம் பலகையும் திறப்புவிழாவும் கிடையாது, அதனால்தான் மனம் போவதில்லை போலும்.

நேபாளத்தை உனக்கு நினைவூட்டுகிறேன். அங்கே 2006இல் பித்தௌலி என்ற ஊரில் மக்கள் நடத்தும் ‘ஜடாயு உணவகம்’ ஒன்று தொடங்கியது. கறவை வற்றிய, உழைத்து ஓய்ந்த மாடுகளை வாங்கிக் கொண்டுவந்து, உன்னைத் தொடவிடாமல் சாகும்வரை பராமரித்து, செத்தபின் பாறுகளுக்கு வைத்தார்கள். சுற்றுவட்டத்து மருந்துக் கடைகளில் உன்னை எடுத்துக்கொண்டு பதிலுக்குப் பாறுகளைக் கொல்லாத வலி மருந்தான மெலாக்சிகாமைக் கொடுத்தார்கள். மாட்டுக்கு மரியாதையான முதுமை, பறவைக்கு நஞ்சில்லாத சோறு, ஊருக்குப் பார்க்க வருவோரால் நாலு காசு. அறுந்த இடத்தை அடையாளம் கண்டு அங்கேயே முடிச்சுப் போட்டார்கள். சரிந்துகொண்டிருந்த வெண்முதுகுப் பாறுகள் நேபாளத்தில் நிலைபெற்று, மெல்ல ஏறத் தொடங்கின. பெரிய ஆய்வகமோ பெரும் பணமோ அவர்களிடம் இல்லை. செத்த மாட்டை யார் தின்கிறார்கள் என்று கேட்டார்கள், அவ்வளவுதான்.

டைக்ளோபினாக்கே, உன்மேல் எனக்குக் கோபம் இல்லை. நீ ஏவிய வேலையைச் செய்தாய். ஏவியவர்கள் நாங்கள். மாட்டை மட்டும் பார்த்து உன்னை அனுமதித்ததும், பெயரை மட்டும் பார்த்து உன்னைத் தடுத்ததும், தலையை மட்டும் எண்ணிப் பறவையைக் காத்ததும் நாங்கள்தான். வலி தீர்த்ததற்கு உனக்குச் சேர வேண்டிய புகழை முழுதாகக் கொடுத்துவிட்டேன். மீதி எங்களுக்குச் சேர வேண்டியது.

மாடு வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. மெலாக்சிகாமும் டோல்ஃபெனாமிக் அமிலமும் மாட்டின் வலியைத் தீர்க்கும், பாறுகளைக் கொல்லாது என்று சோதித்து அறிந்திருக்கிறார்கள். மாட்டு டாக்டரிடம் அவற்றைக் கேளுங்கள். மனிதருக்கான டைக்ளோபினாக் ஊசியை மாட்டுக்குப் போட எவர் எடுத்தாலும் தடுத்துவிடுங்கள், கால்நடைக்கு அது தடை செய்யப்பட்டது. வேறு வலி ஊசி போட்ட மாடு சில நாட்களில் செத்துப்போனால் வெளியே போடாமல் ஆழமாகப் புதையுங்கள். புலி அடித்த மாட்டின்மேல் பூச்சிக்கொல்லி தெளிக்காதீர்கள், வனத் துறையிடம் மனு கொடுங்கள். இழப்பீடு தாமதமானால் ஊரோடு சேர்ந்து போய்க் கேளுங்கள். மருந்துக்கடைக்காரர்களே, ஒரே ஆள் மூன்று மில்லிலிட்டர் குப்பி பத்தைச் சேர்த்துக் கேட்டால் யாருக்கு என்று விசாரியுங்கள். அடுத்த முறை ஊசியோடு கொட்டிலுக்கு வருகிறவரிடம், ஏற்றுவதற்கு முன் குப்பியின் மேலுள்ள பெயரை ஒரு தடவை வாசித்துக் காட்டச் சொல்லுங்கள்.